பேச்சுத்துணை அழைப்புச் சேவை: ஓய்வுபெற்ற ஒரு நர்ஸின் மதிப்பீடு

பெருந்தொற்றுக் காலத்தில் வயதானவர்களுக்காக ஃபோனில் பேச்சுத்துணை தரும் சேவைகள் நிறைய முளைத்தன. அவற்றில் இரண்டை நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டேன், இன்னொன்று இன்றுவரை தொடர்கிறது. இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. உங்கள் அம்மாவையோ அப்பாவையோ இப்படி ஒன்றில் சேர்க்க நினைத்தால், அது எந்த மாதிரியான சேவை என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அதற்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் மதிப்பீடு புரியும். முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன், கடைசிக் காலத்தில் வார்டு சிஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரத்த அழுத்தம் பார்ப்பேன். சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்களுக்கு இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பேன். சம்பளம் கிடையாது. ஆனால் காலையில் புடவைக்கு இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் இருந்தது.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதையொட்டி நாட்டுக்கு நாடு ஒரு வயதுக் கோடு கிழித்தார்கள். ஓரிடத்தில் 60, ஓரிடத்தில் 65, இன்னோரிடத்தில் 70. கோட்டைத் தாண்டியவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த விதியில் எனக்குக் குறையே இல்லை. வயது ஏற ஏற நோய் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது, சர்க்கரை, இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. அமெரிக்காவில் கோவிட்டால் இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் 65 வயதைக் கடந்தவர்கள். வார்டில் நின்றவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் மகன் "அம்மா, நீ வெளிய வராத, நாங்க பாத்துக்கறோம்" என்றபோது மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. அந்த 2020ஐத்தான் உலக சுகாதார நிறுவனம் செவிலியர்களுக்கும் பேறுகாலப் பணியாளர்களுக்குமான ஆண்டாக முன்பே அறிவித்திருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம் ஆகிறது என்பதற்காக. உலகம் முழுக்க நர்ஸ்கள் போதவில்லை என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. மூச்சுத் திணறும் நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுப்பதை டிவியில் காட்டினார்கள். அப்படிப் படுக்கவைத்தவருக்கு நெற்றி, தாடை, முழங்கால் எங்கும் அழுத்தப் புண் வராமல் எந்த இடத்தில் எப்படி அணை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒருவரைத் திருப்பும்போது குழாய் இழுபடாமல் யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? என் வேலை கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது. பால் பாக்கெட்டை மருமகள் துடைத்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசுவாள். ஊருக்கு ஊசி போட்ட நான், எனக்கு வந்த பார்சலைப் பிரிப்பதற்கு ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்பில் நான் மெல்ல மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் மகன் முதல் சேவையில் என் பெயரைப் பதிவு செய்தான். தினமும் ஒரு பெண் கூப்பிடுவாள். "பாட்டி, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டாச்சா? தூக்கம் வந்துச்சா? மனசு எப்படி இருக்கு, ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." குரலை இழுத்து இழுத்து, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவாள். நான் எண் சொன்னதும் "சூப்பர் பாட்டி" என்பாள். முடிந்தது. அவளுக்குக் கொடுத்த தாளில் இருந்ததை அவள் வாசித்தாள், அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளை எழுதியவர்களைத்தான் சொல்ல வேண்டும். வயதானவர் என்றால் ஒரு வயிறு, ஒரு மாத்திரை டப்பா, ஒரு மனநிலை எண் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

என்னிடம் அவர்கள் சோகத்தைத் தேடினார்கள். அது என்னிடம் அவ்வளவாக இல்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2020 ஏப்ரலில், தொற்று உச்சத்தில் இருந்தபோது, லாரா கார்ஸ்டன்சன் என்ற உளவியல் பேராசிரியரின் குழு அமெரிக்காவில் 18 வயது முதல் 76 வயதுவரை இருந்தவர்களிடம் ஆய்வு நடத்தியது. ஆபத்து வயதானவர்களுக்குத்தான் அதிகம், இருந்தும் அன்றாட மனநிலையில் இளையவர்களைவிட அவர்களே நன்றாக இருந்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. போரையும் பஞ்சத்தையும் பிரசவத்தையும் மரணத்தையும் பார்த்துவிட்ட தலைமுறை. மனநிலை எண் கேட்டால் நாங்கள் ஏழு, எட்டு என்றுதான் சொல்வோம். எட்டு என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகு, இன்றைக்கு நான் இல்லாவிட்டால் எந்த வேலை நின்றிருக்கும் என்று யோசிப்பேன். ஒன்றும் நின்றிருக்காது. அந்தத் தாளில் இதற்கு ஒரு கேள்வி இல்லை.

அந்தச் சேவையை நான் நிறுத்தியதற்கு உடனடிக் காரணம் வேறு. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் என் மகனுக்கு ஒரு குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டார், தூங்கினார், மனநிலை 8. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் "என்னம்மா, நேத்து சரியா தூங்கலையாமே" என்று அவன் கேட்டபோதுதான் தெரிந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான், மகனுக்கும் கவலை. ஆனால் என்னைப் பற்றிய குறிப்பு எனக்குத் தெரியாமல் எழுதப்பட்டு இன்னொருவருக்குப் போகிறது. நோயாளியின் கேஸ் ஷீட்டைக்கூட நாங்கள் அப்படிக் கொடுத்ததில்லை. மறுநாள் கூப்பிட்ட பெண்ணிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டேன். விலகுவதற்கும் என் மகன் ஒப்புதல் வேண்டுமாம், பதிவு செய்தது அவன் என்பதால். இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சேவைக்கு என்னால் ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் தர முடியாது.

இரண்டாவது சேவை என் பழைய சக நர்ஸ் ஒருத்தி சொல்லித் தெரிந்தது. இந்த முறை நானே கூப்பிட்டுச் சேர்ந்தேன். முதல் அழைப்பிலேயே வித்தியாசம் தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டான். இவ்வளவு மாதங்களில் யாருமே கேட்காத கேள்வி. "சிஸ்டர்னு கூப்பிடுப்பா" என்றேன். எந்த நேரம் வசதி, எத்தனை நாளைக்கு ஒருமுறை கூப்பிடலாம், வீட்டில் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா, எதைப் பற்றிப் பேசப் பிடிக்கும், எதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்டான். பேச வேண்டாம் என்ற பட்டியலில் தூக்கத்தைச் சேர்த்தேன்.

இப்படி எல்லாவற்றையும் எங்களிடமே கேட்கும் வழிமுறை இவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை நடந்த ஒரு பரிசோதனையைப் பின்பற்றுவதாக நடத்துபவர்களே சொன்னார்கள். நானும் தேடிப் படித்தேன். வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் அமைப்பிடம் உதவி பெறும் 240 பேர், பெரும்பாலும் 65ஐத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்கு நான்கு வாரம் அழைப்பு, மீதிப் பேருக்கு இல்லை. கூப்பிட்டவர்கள் 17 முதல் 23 வயது இளைஞர்கள். மனநலப் படிப்பெல்லாம் கிடையாது, எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்று குறுகிய பயிற்சி மட்டும். முதல் வாரம் அடிக்கடி கூப்பிட்டுவிட்டு, அப்புறம் வாரத்துக்கு எத்தனை அழைப்பு என்பதை எதிரில் இருப்பவர் முடிவுக்கே விட்டார்கள். பேச்சு பெரும்பாலும் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. நான்கு வாரம் கழித்து அளந்தபோது தனிமை உணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் அழைப்பு வந்தவர்களிடம் குறைந்திருந்தன. கட்டுரை 2021இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மனநல இதழில் வந்தது. எதைப் பேசுவது, எவ்வளவு பேசுவது என்பதை வயதானவரிடமே விட்டதுதான் இதில் மருந்து என்பது என் கருத்து. கட்டுரை அதை இவ்வளவு அடித்துச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அந்தப் பையனுடன் பேசியதில் ஒரு பேச்சை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் அவன் குரல் சரியில்லை. கேட்டதற்கு முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான், அப்பாவுக்குத் தொற்று, வீட்டிலேயே தனி அறையில் இருக்கிறார், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒருமுறை 88 காட்டுகிறது, அடுத்த நிமிடம் 96 காட்டுகிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை. எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்பா கை சில்லுனு இருக்கா பாரு. இருந்தா முதல்ல தேய்ச்சுச் சூடு பண்ணு. நகத்துல சாயம், மருதாணி எதுவும் இருந்தா வேற விரல்ல மாட்டு. உட்காரவெச்சு, கையை ஆட்டாம, பேசாம இருக்கச் சொல்லு. மாட்டின உடனே வர்ற எண்ணை எடுக்காத, எண் ஒரே இடத்துல நிக்கிற வரைக்கும் பொறு. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடறார்னு அவருக்குத் தெரியாம எண்ணு. எழுதி வை. எண் நின்ன பிறகும் 94க்குக் கீழேயே இருந்தாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ." அவன் ஃபோனை வைக்காமலேயே போய்ப் பார்த்தான். கை ஜில்லென்று இருந்திருக்கிறது. சூடு பண்ணிய பிறகு 96இல் நின்றது. மூச்சும் சீராக இருந்தது. அடுத்த சில நாட்கள் காலையும் மாலையும் எண்களைச் சொல்லுவான், நான் ஒரு பழைய டைரியில் சார்ட் போட்டுக் குறித்து வைப்பேன். அவர் நல்லபடியாகக் குணமானார்.

அந்த நாட்களில் நான் காலையில் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டுதான் ஃபோனை எடுத்தேன். அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வார்டுக்குள் நுழைகிறவள் அப்படித்தான் நுழைவாள்.

இதைச் சேவையின் சிறப்பு என்று எழுதலாமா என்று யோசித்தேன். அவர்கள் திட்டமிட்டுச் செய்ததில்லையே. ஆனால் முதல் சேவையில் இது நடந்திருக்கவே முடியாது. அங்கே கேள்விகள் ஒரே திசையில்தான் போகும், அந்தப் பெண் தன் வீட்டுக் கவலையை என்னிடம் சொல்லியிருந்தால் அவள் வேலையே போயிருக்கும். இங்கே பயிற்சியிலேயே "அவர்கள் உங்களைப் பற்றிக் கேட்டால் உண்மையாகப் பதில் சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம். அந்த ஒரு வரிக்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

நம்மை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்களோ அப்படியே நாமும் நம்மை நினைக்கத் தொடங்கிவிடுகிறோம், வயதானால் இன்னும் சீக்கிரம். பெக்கா லெவி என்பவரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களை இருபது வருடத்துக்கும் மேல் தொடர்ந்து பார்த்ததில், தங்கள் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள், அப்படி நினைக்காதவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, குரலை இழுத்து "பாட்டீ" என்று ஆரம்பிக்கும் எந்தச் சேவையையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஃபோன் ஒலி பெரிய பிரச்சினை. வயதானால் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள் கேட்கும் திறன். ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. பழைய மாதிரித் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதற்கு மேலே இருப்பதை அப்படியே வெட்டிவிடும். வெளியே போனால் எல்லோர் வாயிலும் மாஸ்க், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. உள்ளே ஃபோனிலும் பாதிச் சொல் விழாது. "என்ன, என்ன" என்று நாலு முறை கேட்டுவிட்டு, அப்புறம் புரிந்ததுபோல் "ம்" கொட்டத் தொடங்கிவிடுவோம். என் தோழி ஒருத்தி இதனாலேயே சேவையை விட்டாள், தனக்குப் புத்தி மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. காதுதான் காரணம் என்று அவளுக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. இணைய வழி அழைப்பிலும் புது வகை மொபைல் அழைப்பிலும் ஒலி அகலமாக வரும், அதற்கு மாற்றிக்கொண்ட பிறகு எனக்கு எவ்வளவோ தெளிவு. சேவை நடத்துபவர்கள் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். இன்றுவரை சொல்வதில்லை.

அடுத்தது ஆள் மாறுவது. அந்தப் பையன் படிப்பு முடிந்து வேலைக்குப் போனபோது, அவன் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் அடுத்து வந்த பெண்ணுக்கு என்னைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியவில்லை. வார்டில் ஷிஃப்ட் மாறும்போது படுக்கை படுக்கையாக நின்று ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம், இங்கே அது நடக்கவில்லை. மறுபடி பெயர், வயது, வேலை, எல்லாம் முதலிலிருந்து. எங்கள் வயதில் மறுபடி மறுபடி நம்மை அறிமுகம் செய்துகொள்வது அலுப்பூட்டுகிறது. என் அனுமதி கேட்டு நாலு வரி எழுதி வைத்திருந்தால் போதும். அந்தப் பெண் நல்லவள், இப்போது நாங்கள் நன்றாகப் பேசுகிறோம் என்பது வேறு விஷயம்.

"நினைவுகள்" என்று ஒரு கூடுதல் வசதி வைத்திருக்கிறார்கள். பழைய கதைகளைச் சொன்னால் பதிவு செய்து கொடுப்பார்கள். யோசனை நல்லது. வயதானவர்கள் பழசையே பேசுவதைப் புத்தித் தளர்ச்சி என்று பலரும் ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இலேயே அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்கு நேர்செய்யும் இயல்பான வேலை என்று எழுதினார். வயதை வைத்து மனிதரை ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் 1969இல் ஒரு பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் இவர்கள் கேட்பது சின்ன வயதில் என்ன விளையாட்டு, கல்யாணம் எப்படி நடந்தது, இந்த மாதிரி மட்டுமே. வேலையைப் பற்றிக் கேள்வியே இல்லை. பெண் என்பதாலா என்று கேட்டேன், இல்லை, ஆண்களுக்கும் அதே கேள்விகள்தானாம். அதைவிட முக்கியமாக, இன்றைக்கு நடப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. எனக்குக் கடந்த காலம் மட்டும் இல்லை. தடுப்பூசி வந்தபோது யாருக்கு முதலில் போட வேண்டும் என்பதில் எனக்குத் திடமான கருத்து இருந்தது, அதையும் யாராவது பதிவு செய்திருக்கலாம்.

வீடியோ அழைப்பைப் பற்றி ஒரு வரி: எனக்கு ஒத்துவரவில்லை. பேசும்போது என் முகமே மூலையில் தெரிந்துகொண்டிருந்தால் என் கவனம் அதில் போகிறது. சிலருக்கு அதுதான் பிடிக்கிறது, பேரப்பிள்ளைகளைப் பார்க்க.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்தது என்று சொன்னது. கிளினிக் அதற்கு முன்பே திறந்துவிட்டது, நான் மறுபடி போகிறேன், முன்பைவிடக் குறைவாக. ஆனால் வீட்டில் அந்த வருடங்களில் உருவான பழக்கங்கள் முழுதாகப் போகவில்லை. வங்கி வேலை, மருந்துக் கடை, மின்கட்டணம் எல்லாம் மகன் கைக்குப் போனது போனதுதான், ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். என்னைப் போன்ற பலர் திரும்ப வாங்கவே இல்லை. கால் நன்றாக இருந்தும் வெளியே போகாமல் இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தச் சேவை இன்றும் தேவை.

எனவே இரண்டாவது சேவைக்கு ஐந்துக்கு நான்கு. பெற்றோரைச் சேர்க்க நினைப்பவர்கள் சேர்க்கும் முன் சேவை நடத்துபவர்களிடம் கேளுங்கள்: பதிவும் விலகலும் யார் கையில், அழைப்பில் பேசியது யாருக்குப் போகும், கூப்பிடுகிறவர் மாறினால் என்ன ஏற்பாடு. பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். அதற்கும் முன்னால் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கு இது வேண்டுமா என்று.

ஐந்தாவது புள்ளியை ஏன் தரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் நானும் கூப்பிடுகிறவளாகச் சேர விண்ணப்பித்தேன். படிவத்தில் வயது என்ற இடத்தில் 60க்கு மேல் எண்ணைப் போட்டால் அது ஏற்கவில்லை. நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். நர்ஸாக என் பதிவு எண், கிளினிக்கில் செய்யும் வேலை, எந்த நாட்களில் எந்த நேரம் என்னால் பேச முடியும், எல்லாம் எழுதி, என்னைப்போல் இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற சிஸ்டர்களும் தயார் என்று சொல்லியிருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. முடிவு வந்ததும் இந்த மதிப்பீட்டின் கீழேயே சேர்க்கிறேன்.